தவளை உட்கார்ந்திருந்த இடம்

மொரப்பூரில் நான் இறங்கியது தவளைக்காக அல்ல. ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பட்டறை பூட்டிக் கிடந்தது. திரும்பும் வழியெல்லாம் ரயிலில் நின்றுகொண்டே வந்ததில் கால் வீங்கிவிட்டது. மொரப்பூரில் வண்டி நின்றபோது வாசல் வழியாக ஈரக்காற்று வந்தது. இறங்கிவிட்டேன். நான் வாழ்ந்த ஊர்களில் பாதிக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்புறம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு ஆறு வருடம் ஊர் ஊராகப் போனேன். ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் கடையில் மீன் கழுவினேன். சேலத்தில் ஜவ்வரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். எந்த இடத்திலிருந்தும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியதில்லை. கொஞ்ச நாள் ஆனதும் இருப்புக் கொள்ளாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மொரப்பூரிலிருந்து அரூருக்குப் பஸ் ஏறினேன். அரூர் பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் ஒரு பெண், தன் உயரத்தில் பாதி இருக்கும் பையை இறக்கி வைத்துவிட்டு, சித்தேரி மலைக்கு உதவிக்கு ஆள் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் என்னைக் கை காட்டினார். என் பையைப் பார்த்தே ஆளைக் கணக்குப் போட்டிருப்பார்.

"இருட்டுல காட்டுக்குள்ள நடப்பீங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

"நடப்பன்ங்க. எதுக்குங்க?"

"தவளை பார்க்க."

கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "மாப்ள பாக்கற வயசுல தவள பாக்குதாம் பொண்ணு. போயிட்டு வாய்யா, உனக்கு மட்டும் வேற என்ன பொழப்பு வாழுது?" என்றார்.

அவள் கோபப்படவில்லை. இந்தப் பேச்சை நிறைய ஊர்களில் கேட்டிருக்க வேண்டும்.

அவள் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். வேலை என்ன என்பதை முதல் வாரத்திலேயே எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டாள். மலையில் எங்கெங்கே எந்தத் தவளை இருக்கிறது என்று நடந்து பார்த்து, அந்த இடத்தை ஒரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். அந்தப் புள்ளியில் மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். புள்ளிகள் போதுமான அளவு சேர்ந்தால், இந்தத் தவளைக்கு எப்படிப்பட்ட இடம் பிடிக்கும் என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, நாம் போகாத மலையிலும் அது எங்கே இருக்கும் என்று படம் போட்டுக் காட்டும். இன்னும் வெயில் கூடினால், மழை தவறினால், எந்த ஓடையில் தவளை மிஞ்சும் என்றும் சொல்லும். இதற்கு மாடல் என்று பெயர்.

"போர் வண்டியில இருந்தப்ப தேங்காயை உள்ளங்கையில வெச்சு தண்ணி பாக்கறவரு ஒருத்தர் வருவாருங்க. தேங்கா எந்திரிச்சு நின்னா அங்க தண்ணின்னு சொல்லுவாரு. அது மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "அவர் சொன்ன இடத்துல தண்ணி வந்துச்சா?"

"பாதி எடத்துல வந்துச்சுங்க."

"அப்ப என் மாடலை விட அவர் பரவாயில்லை அண்ணே."

சித்தேரியில் ஓர் அம்மா வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளை எங்களுக்கு விட்டார். சாமை விதைக்கிற குடும்பம். அந்த அம்மா முதல் நாளிலிருந்தே எங்களைத் தவளக்காரங்க என்றுதான் கூப்பிட்டார். இருட்டத் தொடங்கும்போது கிளம்புவோம். தவளை சத்தம் போடுவது அந்த நேரத்தில்தான். வனத்துறை அனுமதிக் கடிதம் பிளாஸ்டிக் உறையில், நெற்றியில் விளக்கு, கையில் கம்பு. உண்ணி கடித்த இடமெல்லாம் வாரக்கணக்கில் அரிக்கும். கரடி இரண்டு முறை எதிரே வந்தது. இரண்டு முறையும் அதுதான் ஒதுங்கிப் போனது.

அவளுக்கு முக்கியமானது ஒரே ஒரு தவளை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஓடையை ஒட்டிய நிழலில், ஈரப் பாறை இடுக்கிலும் தாழ்ந்த இலைகளிலும் உட்கார்ந்து, பல்லி கத்துவதைப்போல் இரண்டு தரம் கத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும். மறுபடி எப்போது கத்தும் என்று தெரியாது. முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்க வேண்டும். அந்த முதல் வருடம் மழை சரியில்லை. அந்தத் தவளைக்கு நான்கே புள்ளிகள் கிடைத்தன. குறைந்தது இருபத்தைந்து புள்ளிகளாவது இல்லாமல் மாடல் போடக் கூடாது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார்.

இரண்டாம் வருடம் ஆவணியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. ஆனால் அவளுடைய அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. அவள் ஊரிலேயே இருக்க வேண்டியதாயிற்று. புள்ளி எடுக்கும் கருவியையும் கல்லூரியில் திரும்பக் கேட்டுவிட்டார்கள். அரூர் வரை வந்து ஒரு பழைய போனை என்னிடம் கொடுத்தாள். அதில் ஒரு ஆப்.

"தவளை சத்தம் கேட்டதும் முதல்ல சத்தத்தை ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் இந்தப் பச்சை பட்டனை அமுக்குங்க. அவ்வளவுதான் அண்ணே. இடத்தை அதுவே குறிச்சுக்கும்."

"சரிங்க மேடம்."

"ஒரு மழைக்காலம்தான் இருக்கு எனக்கு. இதை விட்டா அடுத்த வருஷம் உதவித்தொகை கிடையாது."

"நான் பாத்துக்கறன்ங்க. நீங்க அப்பாவப் பாருங்க."

முதல் நாள் ஓடைக்குள் நின்று பச்சை பட்டனைத் தொட ஆப்பைத் திறந்தேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம். மலையும் இல்லை, ஓடையும் இல்லை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே பார்த்தால் டவர் கோடு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். சித்தேரியில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அங்கே போன் என்றால் டவர்தான். ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. டவர் பாறை என்றே அதற்குப் பெயர். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன மகனோடு பேசுகிறவர்கள், மாட்டுக்கு மருந்து கேட்கிறவர்கள், பணம் அனுப்பியாயிற்றா என்று கேட்கிறவர்கள், எல்லோரும் அங்கேதான் ஏறுவார்கள். அது இல்லாவிட்டால் சாமைக் கொல்லையின் உச்சி, ரோட்டின் மூன்றாவது வளைவு.

நானும் ஏறினேன். ஓடையில் தவளை சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, ஈர உடையோடு அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி நேரம் மேலே ஏறுவேன். ஒரு கோடு வந்ததும் திரையில் மலை வரும். பச்சை பட்டனை அழுத்துவேன். மறுபடி இறங்கி அடுத்த தவளைக்கு நிற்பேன். ஒரே சாயங்காலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கியதுண்டு. இடது முழங்கால் அந்த மழையில்தான் போனது. நோட்டில் தேதியும் நேரமும் எழுதினேன். இடத்தைப் போன் குறித்துக்கொள்கிறது என்பதால் ஓடை என்று மட்டும் எழுதினேன். கார்த்திகை முடியும்போது அந்தத் தவளைக்கு முப்பத்தொரு புள்ளிகள் சேர்ந்து அவளுக்குப் போயிருந்தன. அன்றைக்கு எனக்கு என்மேல் இருந்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

பொங்கல் கழித்து அவள் அரூருக்கு வந்தாள். அப்பாவுக்குத் தேவலை என்றாள். டீக்கடை பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்து படத்தைக் காட்டினாள். வெயில் பட்டு இலை கருகின மாதிரி ஒரு மலை. தவளை இருக்கக்கூடிய இடமெல்லாம் சிவப்பு, இருக்க முடியாத இடமெல்லாம் வெள்ளை.

"ஓடையெல்லாம் வெள்ளையா இருக்கு பாருங்க. மேல வறண்ட பக்கம்தான் சிவப்பு. நாங்க யாருமே இதை எதிர்பார்க்கலை. வெயில் கூடினாலும் இந்தத் தவளை தாங்கிக்கும்னு காட்டுது. சாருக்கு ரொம்ப சந்தோஷம். வர்ற மாசம் ஒரு கருத்தரங்குல இதைத்தான் பேசப்போறேன். எல்லாம் உங்க கால் நடந்தது அண்ணே."

திரையில் அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். நல்ல சிவப்பு. எனக்குப் படம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மலையைத் தெரியும். ரோடு வளைகிற வளைவைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் அது டவர் பாறை. அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு, சாமைக் கொல்லையின் உச்சி. மூன்றாவது வளைவும் சிவப்பு. அந்தப் பாறையில் தவளை கிடையாது. வெயில் காலத்தில் ஓணான்கூட அங்கே நிற்காது.

டீ ஆறிப்போனது. அவள் எனக்கு ஒரு சட்டைத் துணி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அவளிடம் மழைக்காலம் மிச்சமில்லை. உதவித்தொகை இல்லை. இந்த ஒரு தவளைக்காக இரண்டு வருடம் போயிருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தவளை வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. ஆனால் ஓடைகள் காய்ந்தாலும் இந்தத் தவளை பிழைத்துக்கொள்ளும் என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராவது நம்புவார்கள். அதுவும் தெரிந்தது.

வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பையை எடுத்துக்கொண்டு மொரப்பூர் போனேன். காட்பாடிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நடைமேடையில் உட்கார்ந்தேன். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்றார்கள். நேரத்துக்கு வந்திருந்தால் ஏறியிருப்பேன். அதை மறைக்க வேண்டியதில்லை. முழங்காலை நீட்டிப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது போனில் எல்லாக் கோடுகளும் இருந்தன.

"மேடம், அந்தப் படம் தப்புங்க."

"எந்தப் படம் அண்ணே?"

"சிவப்பா இருக்கற எடத்துல தவள இல்லீங்க. அங்க நான்தாங்க இருந்தன்."

அவளுக்குப் புரியவில்லை. டவரைப் பற்றியும் சாம்பல் நிறத் திரையைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொரு தவளைக்கும் மேலே ஏறினதைச் சொன்னேன். நடுவில் வண்டி வந்து நின்றது. அந்தச் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"விளையாடாதீங்க அண்ணே" என்றாள்.

"இல்லீங்க."

"டவரே வேணாம் அண்ணே அதுக்கு. மேப் வராது, அவ்வளவுதான். பட்டனை அமுக்கியிருந்தா அங்கேயே புள்ளி விழுந்திருக்கும். ஓடையிலேயே நின்னு அமுக்கியிருந்தா போதும்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. வண்டி போய்விட்டிருந்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் நான் நடந்ததில் பாதிகூட நடந்திருக்க வேண்டாம். தப்பைச் செய்யத்தான் அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறேன்.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டாள். திட்டவில்லை. நன்றாகத் தூங்காத குரல். "ஒவ்வொரு இடத்தையும் திரும்பக் காட்ட முடியுமா? எங்க நின்னு கேட்டீங்களோ அங்க. சார் ஒத்துக்கிட்டார். நிச்சயமா தெரிஞ்ச இடம் மட்டும். பழைய நாலோட சேர்த்து இருபத்தஞ்சு வந்தா மாடலைத் திரும்பப் போட்டுடலாம்."

மாசியில் மறுபடி சித்தேரி ஏறினோம். இலையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. வீட்டுக்கார அம்மா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தவளக்காரரே. மழையில தவளயத் தேடனீங்க. இந்தக் காஞ்ச காலத்துல எதத் தேடி வந்தீங்க?"

"தவள உக்காந்திருந்த எடத்தங்க" என்றேன்.

"அது எந்திரிச்சுப் போயி எந்நேரமாச்சு! சூடு ஆறறதுக்குள்ள வந்திருக்க வேணாமா?" அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினார். "ஏங் கண்ணு எளச்சுப் போயிட்ட? வூட்டுக்குள்ள வா. களி இருக்குது, தின்னுட்டுப் போ."

இந்த முறை பகலில் நடந்தோம். நான் பதிவு செய்த சத்தங்கள் போனில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டோம். தவளை கத்துவதற்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் இருக்கும். ஒன்றில் தண்ணீர் குடத்துக்குள் விழுவதுபோல் கேட்டது. அது பெரிய உருளைப் பாறைக்கு அடியில் விழுகிற இடம். ஒன்றில் என் இருமல். அன்று காய்ச்சலோடு எந்தப் புங்கமரத்தில் சாய்ந்து நின்றேன் என்பது நினைவிருந்தது. இன்னொன்றில் நான் வழுக்கி விழுந்து, கெட்ட வார்த்தை சொல்வது. அதற்கு மட்டும் அவள் சிரித்தாள். அந்த வழுக்குப் பாறையில் இப்போது ஈரமே இல்லை. எறும்பு போய்க்கொண்டிருந்தது.

நான் காட்டுகிற இடத்தில் அவள் நின்று போனைப் பிடிப்பாள். திரை சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். பொறுமையாக நிற்பாள். கொஞ்ச நேரத்தில் எண்கள் வரும். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னிடமும் அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

முதல் நாள் எட்டு இடம். இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் மத்தியானம் வரை மூன்று. பழைய நாலோடு சேர்த்து இருபத்திரண்டு. மிச்சமிருந்தவற்றில் சிலவற்றுக்குச் சத்தமும் சரியாகப் பதிவாகவில்லை, எனக்கும் நினைவில்லை. அவற்றை முன்பே விட்டுவிட்டோம். கடைசியாக மூன்று பதிவுகள் இருந்தன. மூன்றும் அடுத்தடுத்த சாயங்காலங்களில் எடுத்தவை. ஒரே ஓடை என்பது உறுதி. அந்த ஓடை ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. இடது கைப் பக்கக் கிளை மரம் மூடி இருட்டாகப் போகும். வலது கை வெயிலில் திறந்து கிடக்கும். மூன்று சாயங்காலமும் நான் இரண்டில் ஒன்றில்தான் போய் நின்றிருக்கிறேன்.

பிரிகிற இடத்தில் நின்று பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். வெறும் மழை. இலையில் விழுகிறதா பாறையில் விழுகிறதா என்று பிரிக்க முடியவில்லை. இடது கையில் கொஞ்சம் போய்ப் பார்த்தேன். வலது கையிலும் போய்ப் பார்த்தேன். கார்த்திகை வெள்ளம் கற்களையெல்லாம் புரட்டிப் போட்டிருந்தது.

"இடதா, வலதா அண்ணே?"

நான் யோசித்தேன்.

"நிழல் பக்கம்தானே இருந்திருக்கும்? அந்தத் தவளை வேற எங்க போகும்?" அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இடதுன்னா அதுலேயே மூணையும் தள்ளித் தள்ளிக் குறிச்சுக்கலாம். இருபத்தஞ்சு ஆயிடும்."

தவளை எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் புள்ளி எடுக்கிறோம். அங்கேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு புள்ளி எடுத்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு இது தெரியாமல் இல்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். களைத்துப் போயிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். நானும் அதைத்தான் விரும்பினேன்.

"தெரியலீங்க மேடம்" என்றேன்.

"நல்லா யோசிங்க."

"யோசிச்சுட்டன்ங்க. ரெண்டு பக்கமும் போயிருப்பன். எந்தப் பக்கம் எந்த நாளுன்னு தெரியல."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மேலே எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலைப் பையில் திரும்ப வைத்துவிட்டு, "சரி, இந்த மூணையும் விட்டுடலாம்" என்றாள்.

அத்தோடு நானும் வாயை மூடியிருக்கலாம்.

"மேடம், முந்தாநாள் புங்கமரத்துக்கு மேல காட்டனது ரெண்டு. நீங்க சந்தோஷமா இருந்தீங்க, அந்த வேகத்துல இதுதான்னு சொல்லிட்டன். இப்ப நெனச்சா அதுவும் எனக்கு முழுசாத் தெரியாதுங்க."

தலையைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பாள் போலிருந்தது. அப்புறம் நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினாள்.

"எந்த ரெண்டு?"

காட்டினேன். எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில், இடம் உறுதியில்லை என்று எழுதினாள். அந்த மூன்றுக்கும் அதையே எழுதினாள்.

"வேற ஏதாவது?"

மனதுக்குள் ஒவ்வொரு இடமாக நடந்து பார்த்தேன். உருளைப் பாறை. புங்கமரம். வழுக்குப் பாறை. "இல்லீங்க. மத்ததெல்லாம் நிச்சயம்."

"இருபது" என்றாள். "இந்தத் தவளைக்குப் படம் கிடையாது அண்ணே. புள்ளியை மட்டும் வெச்சு, இருபது இடத்துல இருக்குதுன்னு எழுதிட வேண்டியதுதான். மேல எதுவும் சொல்ல முடியாது."

"அந்தச் சிவப்புப் படங்க?"

"நேத்தே அழிச்சுட்டேன்."

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆனால் என் முழங்காலுக்கு நேரம் போதாது. ஏற்றத்தில் அவள் முன்னால் போனாள். பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்து சேர்கிற சத்தம் கேட்ட பிறகு அடுத்த அடி வைத்தாள்.